கடலூர்த் துணியும் கூண்டுப் பறவைகளும்

தம்பி, நீங்கள் கேட்டது இது: "1760-க்கும் 1800-க்கும் நடுவே நம் மொரிசியஸில் இலக்கியம், அச்சு, வெளியீடு என்று என்ன நடந்தது? அதில் தமிழர் எங்கேயாவது இருக்கிறார்களா, இல்லை 1834-க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்கு வந்த கதையிலிருந்துதான் நாம் தொடங்க வேண்டுமா?" ஊர்த் தமிழ்க் கூட்டத்தில் வாசிக்க ஒரு பத்தி வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பத்தியைக் கடைசியில் தருகிறேன்.

முதலில் நேரான பதில். இருக்கிறார்கள், நிறையவே இருக்கிறார்கள். ஆனால் இந்தத் தீவில் அந்தக் காலத்தில் அச்சான எழுத்து பிரெஞ்சு எழுத்து. தமிழர் அதில் பேசப்படுகிறவர்களாக வருகிறார்கள். தமிழர் தாமே பேசும் எழுத்து வேண்டுமென்றால் பாண்டிச்சேரிக் கரையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அன்றைக்கு நம் தலைநகர் போர்ட் லூயியும் பாண்டிச்சேரியும் ஒரே கப்பல்பாதையின் இரண்டு துறைகள். ஓரிடத்தில் தொடங்கிய புத்தகம் இன்னோர் இடத்தில் முடிந்திருக்கிறது. இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்துப் படித்ததால்தான் "அந்தக் காலத்தில் நமக்கு ஒன்றுமில்லை" என்ற எண்ணம் நம்மிடம் ஒட்டிக்கொண்டது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1767-இல் தீவு பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையிலிருந்து அரசரின் கைக்குப் போனது. அப்போது நிர்வாகியாக வந்தவர் பியேர் புவாவ்ர். (பிரெஞ்சில் புவாவ்ர் என்றால் மிளகு. ஜாதிக்காயும் கிராம்பும் டச்சுக்காரர் பிடியிலிருந்து வெளியே வந்து இங்கே பாம்பிளமூஸ் தோட்டத்தில் வேர்விட்டது இவர் காலத்தில்தான், 1770-இல். பெயர்ப்பொருத்தத்தைப் பாருங்கள்.) ஒரு கையை இழந்த மனிதர், ஊர் சுற்றியவர், படித்தவர். அவர் எழுதிய 'ஒரு தத்துவவாதியின் பயணங்கள்' 1768-இல் ஐரோப்பாவில் வெளிவந்தது. அதே ஆண்டு போர்ட் லூயியில் அரசு அச்சகம் வேலை தொடங்கியது. நிக்கோலா லாம்பேர் என்பவர் அச்சுக்காரர். ஆணைகளும் அறிவிப்புகளும் முதலில் அச்சாயின. 1773 ஜனவரி 13, புதன்கிழமை, தீவின் முதல் பத்திரிகை வெளிவந்தது. பெயரே பாதிப் பக்கத்தை அடைக்கும்: ஃபிரான்ஸ் தீவு, பூர்போன் தீவு குடியேற்றங்களுக்கான அறிக்கைகள், விளம்பரங்கள், பலவகை அறிவிப்புகள். ஃபிரான்ஸ் தீவு நாம், பூர்போன் இன்றைய ரெயூனியன்.

அந்தப் பத்திரிகையை இலக்கியம் என்று சொல்லத் தயங்குவார்கள். நான் தயங்கமாட்டேன். ஒரு சமூகம் தன்னைத் தினமும் எப்படிப் பேசிக்கொண்டது என்பது அங்கேதான் தெரியும். கப்பல் வரவு, துணி வந்து இறங்கியது, வீடு விற்பனை, அதே பக்கத்தில் அடிமை விற்பனை, ஓடிப்போன அடிமையைத் தேடும் அறிவிப்பு. மனிதரையும் சரக்கையும் ஒரே எழுத்தில், ஒரே அளவில் கோத்தார்கள். அந்த அடிமைகளில் மொசாம்பிக்கிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் வந்தவர்களே மிகுதி. இந்தியக் கரையிலிருந்து பிடித்தும் வாங்கியும் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. தமிழர் வரலாறு என்று பேசும்போது கைவினைஞரை மட்டும் பெருமையாகச் சொல்லிவிட்டு இவர்களை விட்டுவிடுவது சரியில்லை. உங்கள் உரையில் இதைச் சேருங்கள்.

கைவினைஞர் யார் என்று கேட்பீர்கள். ஆளுநர் லா பூர்தொனே காலத்தில், அதாவது 1735-க்குப் பிறகு, துறைமுகமும் கோட்டையும் கிடங்கும் கட்டக் கொத்தனார், தச்சர், கொல்லர் என்று பாண்டிச்சேரிப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒப்பந்தம் பேசி, கூலி பேசி வந்தவர்கள். பிரெஞ்சுக்காரர் இவர்களை 'மலபார்' என்றார்கள். மலையாளக் கரை என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். அன்றைய ஐரோப்பியர் வாயில் மலபார் என்றால் பெரும்பாலும் தமிழர். சென்னை வேப்பேரியில் ஃபப்ரீசியஸ் பாதிரியார் 1779-இல் அச்சிட்ட தமிழ்–ஆங்கில அகராதியின் தலைப்பிலேகூடத் தமிழுக்கு 'மலபார் மொழி' என்றுதான் பெயர். ரெயூனியனில் இன்றும் தமிழ் வழிவந்தவர்களை 'மல்பார்' என்கிறார்களே, அதன் வேர் இங்கே இருக்கிறது.

இவர்களைக் கண்ணால் கண்டு விரிவாக எழுதிவைத்த எழுத்தாளர் பெர்னார்தின் த சென்-பியேர். 1768 முதல் 1770 வரை இங்கே அரசுப் பொறியாளராக இருந்தார். வேலையில் மனக்கசப்பு, மேலதிகாரிகளோடு சண்டை, போதாததற்கு நிர்வாகி புவாவ்ரின் மனைவி மீது கைகூடாத காதல். ஊர் திரும்பி 1773-இல் 'ஃபிரான்ஸ் தீவுப் பயணம்' என்ற நூலை, தன் பெயர் போடாமல் 'அரசரின் அதிகாரி ஒருவர்' என்று மட்டும் போட்டு வெளியிட்டார். கடித வடிவில் எழுதியது. தீவின் முதல் பத்திரிகை வந்த அதே ஆண்டு.

அதில் அடிமைகளைப் பற்றிய கடிதத்தில் நம்மவர் வருகிறார்கள். அவர் சொல்வதை என் வார்த்தையில் தருகிறேன். பாண்டிச்சேரியிலிருந்து சில ஆண்டுக் கூலிக்கு வருகிறார்கள். ஏறக்குறைய எல்லாரும் கைவேலைக்காரர். 'கறுப்பர் முகாம்' என்ற புறநகரில் இருக்கிறார்கள். அளவாகச் சாப்பிடுவார்கள், காசைச் சேர்ப்பார்கள். தலைப்பாகை, நீண்ட மஸ்லின் அங்கி, காதில் பெரிய தங்க வளையம், மணிக்கட்டில் வெள்ளிக் காப்பு. சிலர் பணக்காரர் வீட்டில் சேவகராக இருப்பார்கள். கையில் பிரம்பு, இடுப்பில் குத்துவாள், எஜமானின் செய்தியை மிகுந்த கம்பீரத்தோடு கொண்டுபோவார்கள். உழவர் குலத்தவர் நிறையப் பேர் வந்து குடியேறினால் தீவுக்கு நல்லது, ஆனால் பயிர்செய்ய ஒப்புக்கொண்ட ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை என்றும் எழுதுகிறார்.

கடைசி வரியைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கைத்தொழில் தெரிந்து, கூலி பேசி வந்த ஆள் மண்வெட்டியைத் தொட மறுக்கிறான். அவன் பார்த்த வயலில் வேலை செய்தவர்கள் சாட்டைக்குக் கீழே இருந்தார்கள். அந்த இடத்தில் போய் நிற்க யார் ஒப்புவார்? சுமார் அறுபது ஆண்டு கழித்து, அடிமைமுறை முடிந்த கையோடு, அதே வயலுக்கு நம் கரையிலிருந்து ஆயிரக்கணக்கில் ஏற்றிவந்தார்கள். பெர்னார்தின் விரும்பியது நடந்தது. நடந்த விதம் அவர் நினைத்துப் பார்க்காதது. அவர் அடிமைமுறையை வெறுத்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காப்பியும் சர்க்கரையும் ஐரோப்பாவின் இன்பத்துக்குத் தேவையோ என்னவோ, ஆனால் அந்த இரண்டு செடியும் உலகின் இரண்டு பகுதிகளுக்குத் துன்பமாக முடிந்தன என்று அதே கடிதத்தில் எழுதியவர் அவர். 1773-இல் அப்படி எழுதத் துணிவு வேண்டும்.

இனி வானியல். இதையும் இலக்கியக் கணக்கில் சேர்க்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு நூலில்தான் தமிழ்ச் செய்யுள் வேலைசெய்வதைப் பார்க்கிறோம். கியோம் லெ ஜந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர் 1760-இல் இங்கே வந்து இறங்கினார். 1761 ஜூன் 6-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பாண்டிச்சேரியிலிருந்து அளப்பது திட்டம். போகும் வழியில் பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது, கப்பல் திரும்பியது, ஆடும் கப்பல் தட்டில் நின்று கோளைப் பார்த்தார், அளக்க முடியவில்லை. அடுத்த கடப்பு எட்டு ஆண்டு கழித்து. மனிதர் காத்திருந்தார். 1769 ஜூனில் பாண்டிச்சேரியில் கருவியெல்லாம் தயார். அன்று காலை மேகம் மூடிக்கொண்டது. 1771-இல் ஊர் போய்ச் சேர்ந்தால் இவர் இறந்துவிட்டார் என்று சொத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் துயரக் கதையைத்தான் எல்லாரும் சொல்வார்கள். நமக்கு முக்கியமானது அவர் பாண்டிச்சேரியில் காத்திருந்தபோது செய்தது. தமிழரிடம் உட்கார்ந்து அவர்கள் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றார். எழுதுகோல் இல்லை, தாள் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான செய்யுளைச் சொல்லிக்கொண்டே, வியக்கும் வேகத்தில் கணக்குப் போட்டார்கள் என்று எழுதுகிறார். 1765 ஆகஸ்ட் 30-இன் சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்ற கணக்கில் தமிழ் முறை 41 நொடி குறைத்துச் சொன்னது. ஐரோப்பாவின் மிகச் சிறந்த அட்டவணையாக இருந்த மாயரின் அட்டவணை 68 நொடி கூட்டிச் சொன்னது. இதெல்லாம் 1779-லும் 1781-லும் பாரிஸில் இரண்டு பெரிய தொகுதிகளாக அச்சானது. பாட்டாக இருந்த தமிழ்க் கணிதம் பிரெஞ்சு நூலாயிற்று.

சொன்னெரா என்ற பயணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புவாவ்ரின் உறவினர், இளம் வயதில் இங்கே எழுத்தராக வந்தவர், பிறகு தமிழ்க் கரைக்குப் போனவர். 1782-இல் வெளியான அவருடைய கிழக்கிந்திய, சீனப் பயண நூலில் தமிழ்நாட்டுத் தெய்வங்கள், தொழில்கள், சடங்குகள் எல்லாம் செப்புத்தகட்டுப் படங்களாக இருக்கின்றன. படங்களுக்காகவே பார்க்க வேண்டிய நூல்.

பக்கத்துத் தீவின் கவிஞர் எவாரிஸ்த் த பார்னியும் இந்தப் பாதையில் வருகிறார். 1753-இல் பூர்போனின் சென்-போலில் பிறந்தவர். 1778-இல் வெளியான காதல் கவிதைகள் அவரைப் பாரிஸில் பெரிய பெயராக்கின. அதே தீவில் பிறந்த நண்பர் பெர்த்தேனும் 1780-இல் காதல் கவிதைத் தொகுப்பு வெளியிட்டார். இரண்டு பேரும் கடலுக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள். பார்னி 1785-இல் ஆளுநரின் துணை அதிகாரியாகப் பாண்டிச்சேரிக்கு அனுப்பப்பட்டார். அந்தப் பயணத்தின் பயனாக 1787-இல் வந்தது 'மடகாஸ்கர்ப் பாடல்கள்': பன்னிரண்டு உரைநடைப் பாடல்கள், மலகாசி மக்களின் பாட்டை மொழிபெயர்த்தது என்ற முகத்தோடு. அதில் ஒன்று, கரையில் வாழ்பவர்களே, வெள்ளையரை நம்பாதீர்கள் என்று கூப்பிடும். நட்பாக வந்தார்கள், கோட்டை கட்டினார்கள், அடிமையாக்கப் பார்த்தார்கள் என்று போகும் அந்தப் பாட்டு. இதை எழுதியவர் அடிமைகள் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர், பிரெஞ்சு அதிகாரி. தமிழ்க் கரையில் உட்கார்ந்து மடகாஸ்கரின் குரலில் எழுதியிருக்கிறார்.

இப்போது 1788. உங்கள் உரையின் நடுவில் இந்த ஆண்டை வைக்கச் சொல்வேன்.

அந்த ஆண்டு பாரிஸில் இரண்டு நூல்கள் அச்சேறின. ஒன்று 'பாகவதம்'. சமஸ்கிருதத்திலிருந்து நேரே போனதல்ல. தமிழ் வடிவத்திலிருந்து பிரெஞ்சுக்குப் போனது. மொழிபெயர்த்தவர் பாண்டிச்சேரி நிர்வாகத்தில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த மரிதாஸ் பிள்ளை, தமிழ்க் கிறிஸ்தவர். ஃபூஷே தோப்சோன்வில் என்ற பிரெஞ்சுக்காரர் அதை வெளியிட்டார். ஆங்கிலேயர் வில்கின்ஸின் கீதை மொழிபெயர்ப்பு லண்டனில் வந்து மூன்றே ஆண்டு ஆகியிருந்தது. ஜோன்ஸின் சாகுந்தலம் அடுத்த ஆண்டுதான் கல்கத்தாவில் வரப்போகிறது. ஐரோப்பா இந்திய நூல்களைப் படிக்கத் தொடங்கிய கதையில் வில்கின்ஸ், ஜோன்ஸ் இருவரையும் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் நடுவே ஒரு தமிழர், தன் தாய்மொழியிலிருந்து, தான் கற்ற பிரெஞ்சில், ஒரு புராணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். இவர் பெயரை நம் பள்ளிப் பிள்ளைகள் யாரும் கேள்விப்பட்டதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

இன்னொன்று உங்களுக்குத் தெரிந்த 'பால், விர்ஜினி': இந்தத் தீவில் சேர்ந்து வளரும் இருவரின் காதல் கதை, முடிவில் ஃபிரான்சிலிருந்து திரும்பும் விர்ஜினி சென்-ஜெரான் கப்பல் உடைந்து இறக்கிறாள். பெர்னார்தின் தன் 'இயற்கை ஆய்வுகள்' நூலின் நான்காம் தொகுதியோடு சேர்த்து வெளியிட்டார். தனி நூலானது 1789-இல். சென்-ஜெரான் கப்பல் இங்கே அம்பர் தீவுக்கு அருகே பாறையில் மோதி உடைந்தது 1744 ஆகஸ்டில். கதையில் அவர் அதை டிசம்பர் இறுதிக்கு மாற்றிவிட்டார். ஆகஸ்டில் இங்கே புயல் ஏது? விர்ஜினியைக் கொல்ல அவருக்குச் சூறாவளி வேண்டியிருந்தது. நம்மூரில் வளர்ந்த எவரும் இதைப் படித்தவுடன் புரிந்துகொள்வார்கள்.

நான் தமிழ் வகுப்பு நடத்திய காலத்தில் பிள்ளைகள் சொல்வார்கள்: "சார், அது வெள்ளைக்காரர் கதை. நமக்கென்ன?" போர்ட் லூயியில் புளூ பென்னி அருங்காட்சியகத்தில் பாலும் விர்ஜினியும் நிற்கிற சிலையைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனபோதும் அதே பேச்சுதான். அப்போதெல்லாம் நான் அவர்களுக்கு ஒரு பக்கத்தைப் படித்துக்காட்டுவேன். ஃபிரான்சிலிருந்து பாட்டி முறையான பணக்கார உறவுக்காரி பணம் அனுப்புகிறாள், விர்ஜினியைப் பயணத்துக்கு ஆயத்தம் செய்ய வேண்டும். செய்தி பரவி, வியாபாரிகள் குடிசை வாசலுக்கே வந்து துணியை விரிக்கிறார்கள். என்னென்ன துணி? கடலூர்ப் பருத்தித் துணி. பழவேற்காட்டுக் கைக்குட்டை, மசூலிப்பட்டினத்துக் கைக்குட்டை. டாக்கா மஸ்லின், சூரத்து வெள்ளைத் துணி. பிரெஞ்சு இலக்கியத்தின் பேர்பெற்ற கதைகளில் ஒன்றில் கடலூரும் பழவேற்காடும் பெயரோடு நிற்கின்றன. நெய்தவரின் பெயர் இல்லை. ஆனால் எந்த ஊர்த் தறி என்று வாசிக்கிறவருக்குத் தெரியும்படி எழுதியிருக்கிறார், போர்ட் லூயிக் கடைத்தெருவில் பார்த்த நினைவு அப்படியே அவர் கையில் இருந்திருக்கிறது. வகுப்பில் ஒரு பெண் பிள்ளை எழுந்து, "எங்கள் பாட்டனின் கப்பல் பதிவில் கடலூர் என்று இருக்கிறது" என்றாள். அன்றைக்கு அந்தக் கதை அவளுடையதும் ஆனது.

தமிழர் தாமே எழுதியது எங்கே என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். போர்ட் லூயி அச்சகத்தில் தமிழ் எழுத்து கிடையாது. இன்று நம் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்க்கிறோம். அன்று ஒரு விளம்பரத்துக்குக்கூட இல்லை. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த அச்சு இயந்திரத்தை 1761-இல் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு போனார்கள். அதுதான் வேப்பேரியில் ஃபப்ரீசியஸின் கைக்கு வந்து, மேலே சொன்ன அகராதியை அச்சிட்டது. தமிழ் அச்சு அன்று ஏறக்குறைய முழுதும் பாதிரிமார் கையில். தமிழ் இலக்கியமோ ஓலையிலும் பாட்டிலும் அரங்கிலும் இருந்தது. அருணாசலக் கவிராயர் இராம நாடகக் கீர்த்தனைகளைப் பாடியது இந்தக் காலம், 1779-இல் மறைந்தார். சிவஞான முனிவர் 1785 வரையிலும், கச்சியப்ப முனிவர் 1790 வரையிலும் இருந்தார்கள். இவர்கள் யாரும் தம் நூல் அச்சில் வந்து பார்த்தவர்களல்லர். அச்சை மட்டும் அளவுகோலாக வைத்தால் அந்த நூற்றாண்டின் தமிழே காணாமல் போகும்.

நாட்குறிப்புகளையும் மறக்க வேண்டாம். ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் தொடங்கி 1761 ஜனவரியில் இறக்கும்வரை எழுதினார். அவர் போனபின்னும் பாண்டிச்சேரியில் அந்தப் பழக்கம் தொடர்ந்தது. இரண்டாம் வீராநாயக்கர் 1778 முதல் 1792 வரை எழுதினார். முத்து விஜய திருவேங்கடம் பிள்ளையின் குறிப்பு 1794 முதல் 1796 வரை. ஃபிரான்சில் புரட்சி வெடித்த ஆண்டுகளைப் பாண்டிச்சேரித் தெருவில் நின்று ஒரு தமிழர் பேச்சுத்தமிழில் பதிவுசெய்வதை வீராநாயக்கரிடம் பார்க்கலாம். நம் தீவின் கதையும் அவற்றோடு பின்னியது: 1746-இல் சென்னையைப் பிடிக்க லா பூர்தொனே கப்பல்களோடு புறப்பட்டது இங்கிருந்துதான், அதை நாள்வாரியாகச் சொல்பவர் ஆனந்தரங்கர். எனவே 'மொரிசியஸ் தமிழர் எழுத்து' என்று தேடிப் பார்த்து வெறுங்கையோடு திரும்பியவர்களிடம், 'மொரிசியஸைக் கண்ட தமிழ் எழுத்து' என்று தேடச் சொல்லுங்கள்.

1790-க்குப் பிறகு இங்கே அச்சகம் அரசியலில் மூழ்கியது. குடியேற்றச் சபை, தீர்மானங்கள், துண்டறிக்கைகள். 1794-இல் பாரிஸ் அடிமைமுறையை ஒழித்தது. அதை நடைமுறைப்படுத்த 1796-இல் வந்த இரண்டு பிரதிநிதிகளைத் தோட்ட முதலாளிகள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இலக்கியம் என்று நீட்டிச் சொல்ல அந்தப் பத்தாண்டில் எனக்கு ஒன்றும் இல்லை.

இனி நீங்கள் கேட்ட பத்தி. 'பால், விர்ஜினி'யில் விர்ஜினியின் சவ அடக்கம். பாம்பிளமூஸ் கோயிலுக்கு உடலைக் கொண்டுபோகிறார்கள். மடகாஸ்கர்ப் பெண்களும் மொசாம்பிக் பெண்களும் பழக்கூடைகளை அவளைச் சுற்றி வைத்து, தங்கள் ஊர் வழக்கப்படி பக்கத்து மரங்களில் துணிகளைத் தொங்கவிடுகிறார்கள். அடுத்து, வங்காளத்திலிருந்தும் மலபார்க் கரையிலிருந்தும் வந்த இந்தியப் பெண்கள் பறவைகள் நிறைந்த கூண்டுகளோடு வருகிறார்கள். அவள் உடலுக்கு மேலே கூண்டைத் திறந்து பறவைகளை விட்டுவிடுகிறார்கள்.

முதலில் பிரெஞ்சில் ஒருவர் படிக்கட்டும், பிறகு நீங்கள் தமிழில் சொல்லுங்கள். அந்தப் பெண்களுக்குக் கதையில் பெயரும் இல்லை, பேச்சும் இல்லை. அதனால் 'மலபார்க் கரை' என்ற இடத்தில் சற்று நிறுத்தி, அந்தச் சொல் அன்று யாரைக் குறித்தது என்று கூட்டத்துக்குச் சொல்லிவிட்டு, பிறகு கூண்டைத் திறக்கும் வரிக்குப் போங்கள்.